புது ஆற்றுக் காய்ச்சலும் குன்னூர்க் கோழியும்

மேட்டூர் அணை 1934 ஆகஸ்ட் 21 அன்று திறக்கப்பட்டது. கல்லணைக் கால்வாய்க்கும் அப்போதுதான் உயிர் வந்தது. தஞ்சாவூர் நகரத்துக்குள் புகுந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தெற்கே இறங்கும் அந்தக் கால்வாயை ஊர்க்காரர்கள் இன்றைக்கும் ‘புது ஆறு’ என்றுதான் சொல்கிறார்கள். ஏரியையும் மழையையும் நம்பிக் கிடந்த மேட்டுப் பூமி நஞ்சையானது. நடவு வந்தது, நெல் வந்தது, நிலத்துக்கு விலை ஏறியது. கூடவே குளிர் காய்ச்சலும் வந்தது.

வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் பாயும் பழைய டெல்டாவில் எத்தனையோ தலைமுறையாகத் தண்ணீர் கட்டி நெல் விளைவிக்கிறார்கள். அங்கே மலேரியா இந்த அளவுக்கு ஆட்டிப் படைத்ததில்லை. நேற்று வெட்டிய வாய்க்கால் பாயும் பட்டுக்கோட்டைப் பக்கம்தான் ஜனங்கள் போர்வைக்குள் நடுங்கினார்கள். நெல்லும் தண்ணீரும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பின் எதனால் இந்த வித்தியாசம்?

இந்தக் கேள்வியோடு வந்து சேர்ந்தவர் பால் ரஸ்ஸல். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மலேரியா நிபுணர். 1930களின் நடுவிலிருந்து அவரும் அவருடைய குழுவினரும் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் வாய்க்கால் வாய்க்காலாக, குட்டை குட்டையாகக் கொசுப்புழுவைத் தேடி அலைந்தார்கள். அவர் கண்டுசொன்னது நம் பொதுப்பணித் துறைக்கு இன்றைக்கும் உறைக்கக்கூடியது. குற்றம் தண்ணீர் மேல் இல்லை; குறைபட்ட, ஒழுங்கற்ற பாசனத்தின் மேல்தான். கரை போட மண் வெட்டி எடுத்துவிட்டு மூடாமல் விட்ட குழிகள், கசியும் மதகுகள், வடிகால் இல்லாத வாய்க்கால் முனைகள் எல்லாம் அவருடைய பட்டியலில் இருந்தன. வெயில் படும் தெளிந்த தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் அனோஃபிலஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசு முட்டையிட்டது. வெட்டிய சூட்டோடு தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். வடியவைக்கும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

ரஸ்ஸலும், அவரோடு வேலை பார்த்த டி. ராமச்சந்திர ராவும் 1942-ல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நடவு முடிந்த புதிதில் வயலில் இந்தக் கொசுவின் புழு நிறைய இருக்கிறது. பயிர் ஓரடி உயரத்தைத் தாண்டியதும் காணாமல் போகிறது. பயிரின் நிழல்தான் காரணம் என்று தோன்றும். இல்லை என்று அவர்கள் சோதித்துக் காட்டினார்கள். குலிசிஃபேசிஸ் தண்ணீரில் உட்கார்ந்து முட்டையிடுவதில்லை. நீர்ப்பரப்புக்குச் சில அங்குலம் மேலே ஆடியாடிப் பறந்தபடியே முட்டையை உதிர்க்கும். தண்டுகள் நெருங்கி நின்றால் பறக்க இடம் கிடையாது, இடறும், போய்விடும். வரப்பில் பொழுதெல்லாம் குந்தியிருந்து பார்த்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கக்கூடிய அறிவு இது. இதே ராமச்சந்திர ராவ் பிற்காலத்தில் புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநரானார். இந்திய அனோஃபிலஸ் கொசுக்களைப் பற்றி அவர் எழுதிய நூல்தான் இன்றும் இந்தத் துறைக்காரர்களின் கைப்புத்தகம்.

சும்மா பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை அவர்கள். நைப் என்ற பொறியாளருடன் சேர்ந்து, சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்ரத்தை மண்ணெண்ணெயில் கலந்து, பட்டுக்கோட்டை வட்டாரக் கிராமங்களில் வீட்டுக்குள் அடித்தார்கள். புழுவை விட்டுவிட்டு, கடித்த பின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொசுவைக் கொல்வது அவர்கள் கணக்கு. மலேரியா குறைந்தது, செலவும் கட்டுப்படியானது. டிடிடி என்ற பூச்சிமருந்து வருவதற்கு முன்பே, அது செய்யப்போகும் காரியத்துக்குத் தஞ்சை மாவட்டத்துக் கூரை வீடுகளில் ஒத்திகை நடந்துவிட்டது.

மலேரியா வரலாற்று நூல்களில் பட்டுக்கோட்டை இந்த அளவில் இடம்பெறுகிறது. ஆனால் ரஸ்ஸல் அதே ஆண்டுகளில் இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார், மலை மேல்.

குன்னூர்

சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்திலிருக்கும் பாஸ்டர் ஆய்வகம் என்றாலே நமக்கு நாய்க்கடி ஊசிதான் நினைவுக்கு வரும். 1907-ல் தொடங்கிய நிறுவனம் அது. 1940களின் தொடக்கத்தில் அங்கே முல்லிகன், ரஸ்ஸல், பத்ரி நாத் மோகன் ஆகிய மூவரும் கோழிகளுக்கு மலேரியா தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள்.

கோழிக்கு மலேரியாவா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது மனிதனுக்கு ஒட்டாது. பிளாஸ்மோடியம் காலினேசியம் என்று பெயர். 1935-ல் பிரெஞ்சு விஞ்ஞானி எமில் புரூம்ப்ட் இதை அடையாளம் கண்டது இலங்கைக் கோழி ஒன்றில். காட்டுக்கோழியின் உடம்பில் அடங்கிக் கிடக்கும் இந்த ஒட்டுண்ணி, வீட்டுக்கோழிக்கு வந்தால் கொண்டை வெளுத்து, தீனி எடுக்காமல் சோர்ந்து, பல சமயம் செத்தே போகும். ஆய்வகங்களில் இதைப் பரப்பப் பயன்படுவது ஏடிஸ் கொசு. டெங்குவுக்குப் பெயர்போன அதே வகை.

மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் எச்சில் சுரப்பியில் ஸ்போரோசோயிட் என்ற வடிவில் காத்திருக்கும். கடித்ததும் உடம்புக்குள் இறங்குவது அதுதான். குன்னூர்க்காரர்கள் இந்த ஸ்போரோசோயிட்டுகளை எடுத்து, புற ஊதாக் கதிரில் காட்டி வலுவிழக்கச் செய்து, கோழிக்கு ஊசியாகப் போட்டார்கள். ‘எடுத்து’ என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். அந்த வேலையைப் பார்த்தால்தான் அருமை தெரியும். கொசுவை மயக்கி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரில் கிடத்தி, உருப்பெருக்கியின் கீழ் ஒரு ஊசியால் மார்பை அமுக்கிக்கொண்டு இன்னொரு ஊசியால் தலையை மெல்ல இழுக்க வேண்டும். கை நிதானமாக இருந்தால் தலையோடு சேர்ந்து இரண்டு சுரப்பிகள் வரும், ஒவ்வொன்றும் மூன்று மடலாக, பளபளவென்று. கை பதறினால் அந்தக் கொசு வீண். எண்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் உலகத்து மலேரியா ஆய்வகங்களில் இந்த வேலை பெரும்பாலும் கையால்தான் நடக்கிறது.

ஊசி போட்ட கோழிகளின் ரத்தநீரில் ஸ்போரோசோயிட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிப்போடும் எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. அந்தக் கோழிகளை மலேரியாக் கொசுவைக் கொண்டு கடிக்கவிட்டார்கள். காய்ச்சல் முற்றாக நிற்கவில்லை. ஆனால் ஊசி போடாத கோழிகளைவிட நோயின் கடுமை குறைந்தது, சாவும் குறைந்தது. 1941-ல் இந்திய மலேரியா நிறுவனத்தின் இதழிலும், 1942-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ ஆய்விதழிலும் முடிவுகள் வந்தன. மலேரியா தடுப்பூசியின் குலமுறையை எழுதுகிறவர்கள் 1910-ல் அல்ஜீரியாவில் செர்ஜான் சகோதரர்கள் கேனரிக் குருவிகளில் செய்ததை முதலில் சொல்வார்கள்; அடுத்த படியில் குன்னூர் இருக்கிறது.

பிறகு உலகப் போர் அமெரிக்காவையும் இழுத்துக்கொண்டது. ரஸ்ஸல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து படைகளுக்கு மலேரியா ஆலோசகரானார். டிடிடி வந்தது. கோழியை அவர் மறந்தார். பின்னாளில் உலக மலேரியா ஒழிப்புத் திட்டத்தை முன்னின்று வலியுறுத்தியவர்களில் ஒருவரானார். அந்தத் திட்டத்தின் நம்பிக்கையெல்லாம் தடுப்பூசியில் இல்லை, சுவரில் அடிக்கும் மருந்தில்தான் இருந்தது. அதில் நியாயமும் உண்டு. சுதந்திரம் கிடைத்தபோது ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பிடப்பட்ட நாடு இது. 1953-ல் தொடங்கிய தேசியத் திட்டம் 1965 வாக்கில் அதை ஏறத்தாழ ஒரு லட்சம் நோயாளிகளாகக் குறைத்தது. (1976-ல் 64 லட்சத்துக்கு மேல் திரும்பிவந்தது என்பது தனிக் கதை.)

கோழியிலிருந்து எலிக்கு

கோழி ஆய்வுக்கு அடுத்து எலி வந்தது. 1948-ல் பெல்ஜியக் காங்கோவின் கட்டங்கா பகுதியில் காட்டு எலியிடம் ஒரு மலேரியா ஒட்டுண்ணி கிடைத்தது. பிளாஸ்மோடியம் பெர்கெய் என்று பெயரிட்டார்கள். ஆய்வகத்து வெள்ளெலியிலும் அது வளர்ந்தது. அதே 1948-ல் லண்டனில் ஷார்ட்டும் கார்ன்ஹாமும் குரங்கு மலேரியாவை ஆராய்ந்து, ஒட்டுண்ணி ரத்தத்துக்கு வருமுன் கல்லீரலில் ஒளிந்து பெருகுகிறது என்று காட்டினார்கள். இதில் ஷார்ட் ஒரு காலத்தில் நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குத் தலைமை வகித்தவர்.

1967-ல் நியூயார்க்கில் ரூத் நுசென்ஸ்வைக் குழுவினர் எக்ஸ் கதிரில் காட்டிய ஸ்போரோசோயிட்டுகளை எலிக்குப் போட்டார்கள். குன்னூரில் புற ஊதா, இங்கே எக்ஸ் கதிர், யோசனை ஒன்றுதான். எலிகள் நன்றாகவே தப்பின. 1970களில் மனிதத் தொண்டர்கள் கதிரில் காட்டிய கொசுக்களிடம் நூற்றுக்கணக்கான கடி வாங்கி, அவர்களிலும் சிலர் தப்பினார்கள். ஆக, மலேரியாவைத் தடுக்க முடியும். ஆனால் யாரும் கிராமத்துக் குழந்தைக்கு ஆயிரம் கொசுக்கடியைத் தடுப்பூசியாகப் போட முடியாது.

வைரஸைச் சுமைவண்டியாக்கும் யோசனை இந்த இடத்தில்தான் நுழைகிறது. ஒட்டுண்ணி முழுவதையும் கொடுக்க வேண்டாம். அதன் ஒரு புரதத்துக்கான மரபணுவை மட்டும் ஒரு சாது வைரஸில் ஏற்றி அனுப்பலாம். ஆற்று மணல் ஏற்றிய லாரியை நிறுத்தி, மணலைக் கொட்டிவிட்டு, நெல் மூட்டையை ஏற்றி அனுப்புவதுபோல. அடினோவைரஸ் என்ற வைரஸ் என்றால், அது பெருகுவதற்குத் தேவையான ஒரு மரபணுப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் மலேரியா மரபணுவை வைப்பார்கள். வைரஸ் செல்லுக்குள் நுழையும், பெருகாது. செல் அந்தப் புரதத்தைச் செய்து தன் மேல்பரப்பில் காட்டும். அதைப் பார்த்து டி செல்கள் என்ற காவல் அணுக்கள் பழகிக்கொள்ளும். பின்னால் கல்லீரலில் ஒளியும் ஒட்டுண்ணியை, அது குடியிருக்கும் செல்லோடு சேர்த்து அழிக்கும். எதிர்ப்பொருள் ரத்தத்தில் மிதக்கிற பகைவனைத்தான் பிடிக்கும். வீட்டுக்குள் புகுந்துவிட்டவனைப் பிடிக்க டி செல் வேண்டும். வைரஸ் வண்டி டி செல்களைத் தட்டி எழுப்புவதில் கெட்டிக்காரன்.

எந்த வைரஸ்? இங்கேயும் கோழி வருகிறது. பெரியம்மைத் தடுப்பூசி வைரஸைக் கோழிக்கருச் செல்களில் 500 தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்த ‘எம்.வி.ஏ.’ ஒன்று. கோழி அம்மை வைரஸையே சாதுவாக்கிய ‘எஃப்.பி.9’ இன்னொன்று. ஆக்ஸ்ஃபோர்டில் ஏட்ரியன் ஹில் குழுவினர் இவற்றை எடுத்துக்கொண்டார்கள். முதல் ஊசிக்கு ஒரு வண்டி, அடுத்த ஊசிக்கு வேறு வண்டி, சரக்கு மட்டும் ஒன்றே என்ற உத்தியில், 1998-ல் டி.என்.ஏ. ஊசிக்குப் பின் எம்.வி.ஏ. போட்ட எலிகள் பெர்கெய் மலேரியாவிலிருந்து முழுதாகத் தப்பின. நூற்றுக்கு நூறு.

அந்த நூறுதான் பிறகு பலரை அலைக்கழித்தது. காம்பியாவில் பெரியவர்களிடம் டி.என்.ஏ.–எம்.வி.ஏ. ஜோடியைச் சோதித்தபோது பலன் இல்லை. கென்யாவின் கிலிஃபி பகுதியில் குழந்தைகளுக்கு எஃப்.பி.9, எம்.வி.ஏ. போட்டார்கள், 2006-ல் வந்த முடிவு அங்கேயும் பலனில்லை என்றது. வண்டியை மாற்றினார்கள். மனித அடினோவைரஸ் என்றால் பலருக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கும், வாசலிலேயே அடித்துவிடும். அதனால் சிம்பன்ஸியிடமிருந்து எடுத்த ‘சாட்63’ வந்தது. எலியில் நன்றாக வேலை செய்தது, குரங்கில் டி செல்களைத் தூண்டியது. 2013-ல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு சோதனையில், ஊசி போட்டுக்கொண்டு கொசுக்கடியும் வாங்கிய 14 தொண்டர்களில் 3 பேர் முழுதாகத் தப்பினார்கள், 5 பேருக்குக் காய்ச்சல் தாமதமாக வந்தது. கென்யப் பெரியவர்களிடம் 67 சதவீதம் என்று 2015-ல் ஒரு நல்ல செய்தி. செனகலில் 8 சதவீதம். புர்கினா ஃபாசோவில் ஏறத்தாழ 700 குழந்தைகளிடம் ஒன்றுமே இல்லை.

எலி பொய் சொன்னதா? எலியிடம் கேட்ட கேள்வியில்தான் கோளாறு என்று எனக்குப் படுகிறது. ஆய்வகத்து வெள்ளெலிக்குப் பெர்கெய் சொந்த நோயே அல்ல. காங்கோக் காட்டு எலியின் நோயை அதன் தலையில் கட்டினோம். ஒரே வம்சத்தில் பெருக்கிய எலிகள் என்பதால் ஒன்றின் டி செல் எதைப் பார்த்துப் பாயுமோ, அதையே பார்த்து எல்லாம் பாயும். மனிதக் கூட்டத்தில் அப்படி நடக்காது. எலியின் கல்லீரல் இரண்டு கிராம்கூட இருக்காது. நம்முடையது ஒன்றரைக் கிலோ. ஒரு கடியில் இறங்குகிற சில பத்து ஸ்போரோசோயிட்டுகளை அந்தப் பரப்பில் டி செல்கள் தேடிப் பிடித்தாக வேண்டும். எலியில் கல்லீரல் கட்டம் 48 மணி நேரம். மனிதனிடம் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி ஏறத்தாழ ஒரு வாரம் தங்கும். காலம் நமக்குச் சாதகம், பரப்பு பாதகம். பரப்புதான் வென்றது.

குன்னூர்க் கோழியை நினைத்துப் பாருங்கள். கோழி இனத்தின் நோய், அதைப் பரப்பக்கூடிய கொசு, சோதித்ததும் கொசுக்கடியால். அது சொன்னது என்ன? ‘முழுதாகத் தடுக்காது, ஆனால் கடுமையும் சாவும் குறையும்.’ இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் இரண்டு மலேரியா தடுப்பூசிகளும் ஏறக்குறைய இதைத்தான் செய்கின்றன.

வண்டி திரும்பிய இடம்

அந்த இரண்டும் வைரஸ் வண்டி அல்ல. ஸ்போரோசோயிட்டின் மேலுறைப் புரதத்தை ஈஸ்ட்டில் செய்து, கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியின் துகளில் பொருத்திய புரத ஊசிகள். 2021 அக்டோபரில் பரிந்துரை பெற்ற ஆர்.டி.எஸ்.,எஸ். முதலாவது. ஆக்ஸ்ஃபோர்டு உருவாக்கி, புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் ஆர்21 இரண்டாவது; அதற்கு 2023 அக்டோபரில் பரிந்துரை வந்தது. பருவத்தை ஒட்டி ஊசி போட்ட இடங்களில் முதல் ஓராண்டில் 75 சதவீதமும், வயதுக் கணக்கில் போட்ட இடங்களில் 68 சதவீதமும் மலேரியாவைக் குறைத்தது ஆர்21. உலகத்தில் 2023-ல் மட்டும் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா, 5.97 லட்சம் சாவு, அதில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள் என்னும்போது இது சின்ன விஷயம் இல்லை.

அப்படியானால் வைரஸ் வண்டிக்குப் பட்ட பாடெல்லாம் வீணா? இங்கேதான் டெல்டாக்காரர்களின் புஜம் கதைக்குள் வருகிறது. ஹில்லின் ஆய்வுக் குழுவில் 1994 முதல் மலேரியாவில் வேலை பார்த்தவர் சாரா கில்பர்ட். சிம்பன்ஸி அடினோவைரஸைப் பக்குவப்படுத்தும் அனுபவம் அங்கே வளர்ந்தது. 2020-ல் கொரோனா வந்தபோது ‘சாட்ஆக்ஸ்1’ என்ற சிம்பன்ஸி வண்டி தயாராக நின்றது. சரக்கை மட்டும் மாற்றினார்கள். அதுதான் கோவிஷீல்டு. 2021 ஜனவரி 16 முதல் நாடு முழுவதும் போட்ட ஊசி. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் வரிசையில் நின்றவர்களின் தோளில் இறங்கிய மருந்து, பாதி மலேரியா ஆய்வின் கைவேலை.

அதற்கும் விலங்குச் சோதனை நடந்தது. 2020-ல் அமெரிக்காவின் மான்டானாவில் ஆறு ரீசஸ் குரங்குகளுக்கு அந்த ஊசியைப் போட்டு, பிறகு கொரோனா வைரஸைச் செலுத்தினார்கள். நுரையீரல் தப்பியது, மூக்கில் வைரஸ் குறையவில்லை. ஊசி போட்டவரும் தொற்றைப் பரப்பலாம் என்று ஆறு குரங்குகள் முன்கூட்டியே சொல்லிவிட்டன. அப்போது காதில் போட்டுக்கொண்டவர்கள் குறைவு.

விலங்குகளின் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 1940-ல் குன்னூரில் கோழிக்காக யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். இன்று ஒவ்வொரு ஆய்வகத்திலும் விலங்கு நெறிக்குழு உட்கார்ந்து, எத்தனை எலி, ஏன் எலி, வலிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுத்தான் அனுமதிக்கிறது. 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் அதன் கீழ் 1998-ல் வந்த விதிகளும் பின்னால் இருக்கின்றன. விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை என்ற மூன்று கொள்கைகளை 1959-ல் வகுத்தவர்களில் ஒருவர் பெயரும் ரஸ்ஸல்தான். நம் ரஸ்ஸலுக்கும் அவருக்கும் உறவில்லை. 2023-ல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, விலங்குக்குப் பதில் மனித செல்களில் செய்யும் முறைகளையும் இந்தியா ஏற்றுக்கொண்டது. நல்லதுதான். ஆனால் கல்லீரல், ரத்தம், மண்ணீரல், கொசு என்று சுற்றிவரும் ஒரு நோயை ஒரு கண்ணாடிச் சில்லில் முழுதாகக் காட்ட இன்னும் நாளாகும். அதுவரை எலி தேவைப்படும். எலி தேறியதை வைத்து நாமும் தேறுவோம் என்று அறிக்கை விடும் பழக்கம்தான் தேவையில்லை.

நமக்கு வேண்டிய ஊசி

சரி, ஆர்21 வந்துவிட்டதே, தஞ்சாவூருக்கு எப்போது என்று யாராவது கேட்டால்? வர வேண்டியதில்லை. டெல்டாவில் இன்று மலேரியா அன்றாடப் பேச்சாக இல்லை. மருந்தடிப்பு, ரத்தப் பரிசோதனை, உடனே மாத்திரை என்று வீடு வீடாக ஏறி இறங்கிய சுகாதாரப் பணியாளர்களின் பல்லாண்டு உழைப்பு அது. பாக் நீரிணைக்கு அப்பால் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மேட்டூர் திறந்த அதே 1934-ன் கடைசியில் தொடங்கி மறு ஆண்டு வரை நீண்ட மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. அந்த நாடு 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றிதழ் வாங்கியது, ஒரு தடுப்பூசிகூடப் போடாமல்.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போதுள்ள இரண்டு ஊசிகளும் ஃபால்சிபாரத்துக்கானவை. தமிழ்நாட்டில் காணப்படுவது பெரும்பாலும் விவாக்ஸ் என்ற வேறு ஒட்டுண்ணி. சென்னையின் மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளரும் ஸ்டீஃபென்சி கொசு பரப்பும் மலேரியா அது. கொல்வது குறைவு, விடாமல் துரத்துவது அதிகம். கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதக்கணக்கில் கழித்து மறுபடி தலைகாட்டும். அதனால்தான் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் விடாமல் விழுங்கச் சொல்கிறார்கள். காய்ச்சல் விட்டதும் நான்காம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். வேலை தேடி வெளி மாநிலம் போய்த் திரும்புகிறவர்கள், அங்கிருந்து நடவுக்கு இங்கே வருகிறவர்கள் இருக்கும்வரை கிருமி எந்த ஊருக்கும் வந்து போகும். அது வரும்போது கொசுவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்பதுதான் மிச்சக் கேள்வி. 2.27 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தரும் கல்லணைக் கால்வாயை 2,640 கோடி ரூபாயில் புதுப்பிக்க 2021-ல் அடிக்கல் நாட்டினார்கள். கால்வாய்த் தரைக்குக் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் என்னாவது என்று விவசாயிகள் மறித்தார்கள். அது நியாயமான சண்டை. அந்தச் சண்டையில் வடிகாலைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகக் காதில் விழுந்திருந்தால் ரஸ்ஸல் சந்தோஷப்பட்டிருப்பார்.

விவாக்ஸுக்கு ஊசி செய்வது இன்னும் கடினம். ஃபால்சிபாரத்தைப்போல அதை ஆய்வகக் குடுவையில் தொடர்ந்து வளர்க்க முடிவதில்லை. எலிக்கு அது ஒட்டாது. தென்னமெரிக்காவின் சில சிறு குரங்குகளுக்கு ஒட்டும். அதனால் எலி மலேரியாவில் விவாக்ஸின் மரபணுவை நட்டு, அந்தக் கலப்பை எலிக்குச் செலுத்திப் பார்க்கிறார்கள். இந்த ஓட்டத்தில் டெல்லிக்கு ஓர் இடம் உண்டு. விவாக்ஸ் நம் சிவப்பணுவுக்குள் நுழைய ‘டஃபி’ என்ற ஒரு தாழ்ப்பாளை நம்பியிருக்கிறது; அந்தத் தாழ்ப்பாள் இல்லாத மேற்கு ஆப்பிரிக்கர்களிடம் அதன் ஜம்பம் பெரிதாகப் பலிப்பதில்லை. தாழ்ப்பாளைத் திறக்கும் ஒட்டுண்ணிப் புரதத்தையே தடுப்பூசியாக்க, டெல்லியின் சர்வதேச மரபணுப் பொறியியல் மையத்தில் சேத்தன் சிட்னிஸ் குழுவினர் பல ஆண்டுகள் உழைத்தார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் அந்தப் புரதத்தை இரண்டு விதமாகவும் மனிதர்களிடம் சோதித்தார்கள்: சாட்63, எம்.வி.ஏ. வண்டிகளில் ஏற்றி ஒரு குழுவுக்கு, நேரடிப் புரத ஊசியாக இன்னொரு குழுவுக்கு. நடுவில் கொரோனா வந்து சோதனை நின்றுபோனது. புரத ஊசிக் குழுவில் சிலருக்கு மூன்றாவது ஊசி போட 14 மாதம் ஆகிவிட்டது. பிறகு எல்லோருக்கும் விவாக்ஸைச் செலுத்திப் பார்த்தபோது, வைரஸ் வண்டியில் வாங்கியவர்களிடம் ஒட்டுண்ணி வழக்கம்போலப் பெருகியது. தாமதமாக மூன்றாவது ஊசி வாங்கிய அந்தக் குழுவில் மட்டும் பெருகும் வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. முடிவு 2023-ல் வெளியானது. இடைவெளியை எவ்வளவு நீட்டலாம் என்பதுதான் அடுத்த சோதனைகளுக்கு மிஞ்சிய கேள்வி.